இஸ்திரி அக்கா படித்த ஆங்கிலம்

எங்கள் தெருவில் நான்கு மாடிக் கட்டிடம் ஒன்று உண்டு. அதன் படிக்கட்டுக்கு அடியில், ஆள் நிமிர்ந்தால் தலை இடிக்கிற இடத்தில்தான் இஸ்திரி அக்காவின் கடை. கடை என்று சொன்னாலும் கதவு கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. ஒரு நீள மேஜை, அதன்மேல் நாலாக மடித்துப் போட்ட பழைய கம்பளி, அதற்கும் மேலே சூடு பட்டுப் பட்டு மஞ்சளாகிப் போன ஒரு விரிப்பு. சுவரோரம் ஒரு கம்பி கட்டி, அதில் தேய்த்த சட்டைகள் தொங்கும். அந்தப் பக்கம் போனாலே சூடான துணி வாசனை வரும். மழைநாளில் அந்த வாசனைக்காகவே நான் இரண்டு நிமிஷம் நின்று பேசிவிட்டுப் போவேன்.

அக்காவும் மாமாவும் கல்யாணமான நாளிலிருந்து அந்த மேஜையின் இரண்டு பக்கமும் நின்றவர்கள். பிள்ளை இல்லை. அதைப் பற்றி யாராவது கேட்டால் மாமா, "எங்களுக்கு நாலு மாடி நிறையப் பிள்ளைங்க. எல்லாருக்கும் தினமும் சட்டை தேய்ச்சுப் போட்டு அனுப்பறோம்" என்பார். ஒல்லியான மனிதர். கன்னமெல்லாம் சுருக்கம். "மூஞ்சியைத் தேய்க்க ஒரு பெட்டி வந்தா நான்தான் முதல் ஆளு" என்று அவரே சொல்லிக்கொள்வார். அக்கா உடனே, "பெட்டி தாங்காது, உருகிடும்" என்பாள். இருவரும் இப்படியே பேசிக்கொண்டு வேலை செய்வார்கள். கை நிற்காது, வாயும் நிற்காது.

மாமாவுக்கு மெல்ல மெல்ல மறதி வந்தது. முதலில் சின்னச் சின்னதாகத்தான். இரண்டாம் மாடித் துணியை நாலாம் மாடியில் கொடுத்துவிட்டு வந்தார். எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பிறகு ஒருநாள், பல வருஷமாகத் தேய்த்துக் கொடுக்கிற வீட்டின் வாசலில் நின்று, "இது யார் வீடு?" என்று கேட்டாராம். அன்றைக்கு அக்கா சிரிக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தலைக்குள் நரம்பு தேய்கிறது என்றார்கள். மாத்திரை கொடுத்து, மறுபடியும் வரச் சொன்னார்கள்.

மறுபடியும் போக வேண்டிய நாளில் ஒரு ஹோட்டலிலிருந்து மேஜை விரிப்புகள் மூட்டையாக வந்துவிட்டன. மதியத்துக்குள் வேண்டுமாம். அக்கா தவித்தாள். "நான் என்ன சின்னப் பிள்ளையா? பஸ் ஏறத் தெரியாதா? போய்ட்டு வந்துடறேன்" என்றார் மாமா. அன்று அவர் தெளிவாகத்தான் இருந்தார். அதனால்தான் அனுப்பினாள்.

அவர் திரும்பி வரவில்லை.

ஆஸ்பத்திரியில் கேட்டால் அப்படி யாரும் டாக்டரைப் பார்க்க வரவில்லை என்றார்கள். மறுநாள் காலையில் நான்தான் அக்காவோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே எழுதிக்கொண்டவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். வயசு, உயரம், நிறம். கடைசியில், "என்ன சட்டை போட்டிருந்தார்?" என்றார். அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அதிர்ச்சியில் இருக்கிறாள் என்று நினைத்து நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். "நீலம். நீலத்துல கட்டம் போட்டது" என்றாள். அவர் எழுதிக்கொண்டார்.

நான் வேலை பார்ப்பது விசாரணை அலுவலகத்தில். கூட்டிப் பெருக்கித் தரை துடைக்கிற வேலை. காணாமல் போனவர்களைத் தேடி ஊர் முழுக்க அங்கேதான் வருவார்கள். ஆஸ்பத்திரிகளிலும் காப்பகங்களிலும் பெயர் தெரியாமல் கிடக்கிறவர்களைப் பற்றி அங்கே ஒரு பெரிய பலகையில் தாள் ஒட்டுவார்கள். உயிரோடு இருப்பவர்களும் அதில்தான், இறந்து போனவர்களும் அதில்தான். பாதிக்குப் படம் இருக்காது. எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். அந்தப் பலகைக்குக் கீழே கூட்டும்போது மட்டும் நான் துடைப்பத்தை மெதுவாக ஓட்டுவேன். மேலே இருக்கிற அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு வார்த்தை ஆண்டவனிடம் சொல்லிவிட்டுத்தான் நகர்வேன்.

அக்கா வாரம் தவறாமல் அங்கே வந்தாள். கவுண்டரில் இருக்கிற சார் நல்ல மனிதர். முணுமுணுப்பார், ஆனால் விரட்ட மாட்டார். அக்கா வந்தவுடன் எழுந்து போய்ப் பலகையைப் பார்ப்பார். "நீலக் கட்டம், நீலக் கட்டம்" என்று சொல்லிக்கொண்டே விரலை ஓட்டுவார். பிறகு தலையை ஆட்டுவார். "இல்லம்மா. வந்தா இவங்க கிட்ட சொல்லி அனுப்பறேன்" என்று என்னைக் காட்டுவார். அக்கா அவர் போன பிறகும் பலகைக்கு முன்னால் நிற்பாள். எழுத்துத் தெரியாதவள் என்ன பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றும். கண் மட்டும் ஒவ்வொரு தாளாகப் போகும்.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. எங்கள் பிரார்த்தனை மண்டபத்தின் பின்னறையில் சாயங்காலம் பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். மருந்துச் சீசாவில் போட்டிருப்பதைப் படிக்கலாமே என்று நான் சேர்ந்தேன். அதைச் சொன்னபோது அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "என்னையும் சேத்துக்குவாங்களா?" என்று கேட்டாள்.

"சேத்துக்குவாங்க. ஆனா கடையை யாரு பாப்பா?"

"கடை எங்க போயிடப் போவுது. நானும் வரேன்."

டீச்சர் சின்னப் பெண். எங்களுக்கு மகள் வயசு. எல்லாரையும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். வகுப்பில் நாங்கள் ஏழெட்டுப் பேர். அதில் ஒருத்தி ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறவள். வாய் மூடாமல் பேசுவதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். அவளே அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பாள்.

எழுத்தெல்லாம் முடிந்து, சின்னச் சின்ன வாக்கியம் படிக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள் டீச்சர் கரும்பலகையில் ஒரு வரி எழுதினார். உயரமான மனிதன் ஒரு குட்டி நாய் வைத்திருக்கிறான் என்று அதற்கு அர்த்தம். 'டால்' என்ற சொல்லுக்கு அடியில் ஒரு கோடு, 'ஸ்மால்' என்ற சொல்லுக்கு அடியில் ஒரு கோடு.

"ஒரு ஆளோ பொருளோ எப்படி இருக்குன்னு சொல்ற சொல் இது. அட்ஜெக்டிவ். தமிழ்ல பெயரடைன்னு சொல்லுவோம்," என்றார். எங்கள் வாயில் அது எதுவும் நிற்கவில்லை. 'எப்படிச் சொல்' என்று நாங்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டோம். டீச்சரும் விட்டுவிட்டார்.

"கோடு போட்டா மட்டும் போதாது. அது யாரைச் சொல்லுதுன்னு அம்புக்குறி போடணும். டால் யாரைச் சொல்லுது?"

"நாயை," என்றாள் ரேடியோ.

"மனுஷனைத்தான் சொல்லுது."

"எங்க வீட்டு நாயைப் பாத்தா நீங்க அப்படிச் சொல்ல மாட்டீங்க டீச்சர்."

எல்லாரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. அவள் குனிந்து அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தாள். இஸ்திரிப் பெட்டி பிடித்த கை, பென்சிலையும் அழுத்தித்தான் பிடிக்கும். தாள் கிழிந்துவிடும். ஆனால் அவள் போட்ட அம்பு ஒன்றுகூடத் தப்பாது. இந்தச் சொல் இந்தச் சட்டைக்கு, அந்தச் சொல் அந்தச் சட்டைக்கு என்று கம்பியில் மாட்டுகிற மாதிரி மாட்டிவிடுவாள்.

பிறகு பாடம் அழகான தோட்டம், மகிழ்ச்சியான குழந்தை என்று போனது. அக்காவுக்கு அதில் மனசு ஒட்டவில்லை. ஒருநாள் எழுந்து நின்றாள்.

"டீச்சர், இந்தத் தோட்டமெல்லாம் எனக்கு வேணாம். ஒரு ஆளு எப்படி இருப்பாரு, என்ன போட்டிருப்பாரு, அதுக்கு உள்ள சொல்லை மட்டும் குடுங்க."

டீச்சருக்கு அக்காவின் கதை தெரியாது. "ஏன்க்கா, போலீஸ்ல சேரப் போறீங்களா?" என்று விளையாட்டாகக் கேட்டார்.  ரேடியோகூடச் சிரிக்கவில்லை. பிறகு நான்தான் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. மறுநாளிலிருந்து பலகையில் வேறு சொற்கள் வந்தன. கிழ, ஒல்லி, நரைத்த, நீண்ட, கிழிந்த, சுத்தமான. அக்கா ஒவ்வொன்றையும் வாய்க்குள் போட்டு மென்றாள். தேய்க்கும்போதும் அதே. ஒரு சட்டையை விரித்து, "லாங் ஸ்லீவ்" என்பாள். பெட்டி ஒரு இழுப்பு. "ஒயிட் காலர்" என்பாள். இன்னொரு இழுப்பு.

ஒருநாள் அவள் டீச்சரிடம், "வெள்ளையும் இல்லாம மஞ்சளும் இல்லாம, பாலாடை மாதிரி ஒரு நிறம், அதுக்கு என்ன சொல்லு?" என்று கேட்டாள்.

"க்ரீம்," என்றார் டீச்சர்.

"அதையே எழுதிக் காட்டுங்க."

டீச்சர் எழுதினார். அக்கா அதை வெகுநேரம் பார்த்தாள். பக்கத்தில் இருந்த ரேடியோ, "நீலத்தை எழுதச் சொல்லுங்கக்கா, அதுதானே வேணும் உங்களுக்கு" என்றாள். அக்கா கேட்காத மாதிரி இருந்துவிட்டாள்.

அடுத்த வாரம் அலுவலகத்துக்கு வந்தவள் கவுண்டர் சாரைத் தேடவில்லை. நேராகப் பலகைக்குப் போனாள். நான் ஜன்னல் பக்கம் துடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் பலகையைப் பிடித்துக்கொள்வதைப் பார்த்து ஓடினேன். ஒரு தாளின் மேல் விரலை அழுத்தி வைத்திருந்தாள். 

"க்ரீம். க்ரீம்னு இருக்கு தங்கச்சி. ஓல்ட் மேன்னு இருக்கு."

எனக்கும் கொஞ்சம் படிக்க வந்துவிட்டது அல்லவா. இரண்டு பேரும் எழுத்துக் கூட்டினோம். அம்புக்குறி போடுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகப் பிடித்தோம். கிழவர்தான், ஆனால் தடித்த கிழவர். க்ரீம் என்பது சட்டையைச் சொல்லவில்லை. அவர் விழுந்து கிடந்த இடத்துச் சுவரைச் சொல்லியிருந்தது. க்ரீம் நிறச் சுவருக்குப் பக்கத்தில் கிடந்தாராம்.

"சுவரு," என்றாள் அக்கா. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளை வெளியே படிக்கு அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். "ஏன்க்கா, மாமா போட்டிருந்தது நீலக் கட்டம்தானே? க்ரீமைப் பாத்து எதுக்கு இப்படி ஆயிட்டீங்க?" என்றேன். மனசில் பட்டதைத்தான் கேட்டேன். அவள் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"நீலம் இல்ல. அன்னைக்கு அவரு போட்டுக்கிட்டுப் போனது மூணாவது மாடி வக்கீலோட க்ரீம் சட்டை."

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போனப்போ காலர் நைஞ்ச சட்டைதான் போட்டிருந்தாரு. அந்த டாக்டர் நிமிர்ந்தே பாக்கல. என்கிட்டயும் பேசல, அவர்கிட்டயும் பேசல, தாள்கிட்டதான் பேசினாரு. வெளிய வந்து இவரு சிரிக்கறாரு. 'ஊருக்கெல்லாம் மடிப்புக் கலையாம குடுக்கறேன், எனக்குன்னு ஒண்ணு தேய்க்கலியே பாத்தியா'ன்னு சொல்லிச் சிரிக்கறாரு. அந்தச் சிரிப்பை என்னால பாக்க முடியல. அடுத்த தடவை கம்பியில வக்கீல் சட்டை தொங்கிச்சு. அவருக்கு அளவா இருக்கும்னு பட்டுது. நான்தான் எடுத்துப் போட்டுவிட்டேன். வேணாம்னுதான் சொன்னாரு. ரெண்டு மணி நேரம்தானே, வந்ததும் துவைச்சுத் தேய்ச்சு வச்சிடறேன், யாருக்குத் தெரியப் போவுதுன்னு சொன்னேன்."

"வக்கீல் கேக்கலியா?"

"கருகிப் போச்சுன்னு சொன்னேன். திட்டினாரு, விட்டுட்டாரு. எங்க தொழில்ல துணி கருகலாம், கிழியலாம், வீடு மாறிப் போகலாம். எல்லாத்தையும் பொறுத்துக்குவாங்க. குடுத்த துணியை எடுத்து உடுத்தினாங்கன்னு ஒரு பேச்சு வந்தா அவ்வளவுதான். நாலு மாடியில ஒரு துணி எனக்கு வராது. அவரு வரதுக்குள்ள கடை போயிடுமேன்னு நெனச்சேன். அன்னைக்குச் சாயங்காலமே வந்துடுவாருன்னு நெனச்சேன். வாய் நீலம்னு சொல்லிடுச்சு. ஒருதரம் எழுதினதை எப்படி மாத்தறது? என்னையே சந்தேகப்படுவாங்க. சரி, அவங்க நீலத்தைத் தேடட்டும், க்ரீமை நாமளே தேடிக்கலாம்னு தோணுச்சு. படிக்கத்தான் தெரியல."

இதற்காகத்தான் அவள் ஆங்கிலம் படிக்க வந்தாள். யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத ஒரு சட்டையை, தானே தேடிக் கண்டுபிடிக்க. எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. ஆண்டவனுக்கும் வந்திருக்காது என்று நம்புகிறேன். மாமாவை நாலு பேர் மரியாதையாகப் பார்க்க வேண்டும் என்று நினைத்துத்தானே செய்தாள்.

"பலகையில இருக்கறது இப்போ ஒட்டினது. பழசையெல்லாம் எடுத்து உள்ள கட்டி வச்சிருக்காங்கக்கா," என்றேன்.

கவுண்டர் சாரிடம் நான் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் உள்ளறையைத் திறந்து, பழைய தாள்களின் கட்டை எடுத்துக் கொடுத்தார். "கலைக்காம பாருங்க" என்று மட்டும் சொன்னார். நாங்கள் தரையில் உட்கார்ந்தோம். அக்கா விரலை வைத்தாள். எப்படிச் சொல் எது, அது யாரைச் சொல்கிறது. கிழிந்த, சேலையை. இளைய, பெண்ணை. நொண்டி, காலை. எத்தனை வீட்டுப் பிள்ளைகள், எத்தனை பேருடைய அப்பாக்கள். இரண்டு சாப்பாட்டு நேரம் அப்படியே போனது. சில தாள்களில் நானும் அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் அடுத்ததற்குப் போனோம்.

மூன்றாவது நாள் அவள் ஒரு தாளில் நின்றுவிட்டாள். இந்தத் தடவை பதறவில்லை. விரல் மெல்லத்தான் போனது.

"ஓல்ட். மேனைச் சொல்லுது. தின், ஒல்லின்னு அர்த்தம். அதுவும் மேனைத்தான். கிரே. முடியைச் சொல்லுது." மூச்சு வாங்கினாள். "க்ளீன். க்ரீம். ரெண்டும் ஷர்ட்டைச் சொல்லுது தங்கச்சி. லாங். கையைச் சொல்லுது." அடுத்த சொல் புரியவில்லை. அதற்கடுத்தது செருப்பு என்று தெரிந்தது. சாரைக் கூப்பிட்டோம். "தேய்ஞ்ச செருப்பு" என்றார் அவர். பிறகு முழுவதும் படித்தார். பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தவர். பெயர் சொல்லத் தெரியவில்லை. வேறொரு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருக்கிறார். காலருக்குள் கறுப்பு மையில் ஒரு அடையாளம் இருக்கிறது. மாமா காணாமல் போன மறுநாள் போட்ட தேதி.

அதற்குக் கீழே பேனாவால் எழுதியிருந்ததைச் சார் ஒருமுறை தனக்குள் படித்துக்கொண்டார். அக்கா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒன்றரை மாசம் கழிச்சு இறந்திருக்கார்மா. யாரும் வரலைன்னு அவங்களே அடக்கம் பண்ணிட்டாங்க."

அந்த ஒன்றரை மாசமும் அக்கா இந்த அலுவலகத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். இந்தத் தாள் பலகையில்தான் இருந்திருக்கிறது. கைநீட்டினால் தொடுகிற தூரம்.

"நான் இதை அப்பவே படிச்சேன்," என்றார் சார். குரல் இறங்கிவிட்டது. "சுத்தமான க்ரீம் சட்டைன்னு இருந்துச்சு. நீங்க நீலக் கட்டம்னு சொன்னீங்க. தாண்டிப் போயிட்டேன்."

"நீங்க என்ன பண்ணுவீங்க சார். நான் சொன்னதைத்தானே தேடினீங்க," என்றாள் அக்கா. பிறகு அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். பொதுமக்கள் வரிசையில் நிற்கத் தொடங்கிவிட்டார்கள். சார் அவர்களைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு, அக்கா சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

சட்டை கிடைக்குமா என்று அக்கா கேட்டதற்கு, உரிமை கோராத துணிகளை ஆஸ்பத்திரியில் எரித்துவிடுவார்கள் என்றார். அங்கேதான் அக்காவுக்கு ஒரு பிடி கிடைத்தது. "அப்போ அது அவருதான்னு எப்படிச் சொல்றது? க்ரீம் சட்டை போட்ட ஒல்லி மனுஷன் ஊர்ல ஒருத்தர்தானா? எந்த வீட்டுத் துணின்னு தெரியறதுக்கு எல்லா இஸ்திரிக்காரங்களும்தான் காலர்ல மை வைப்பாங்க" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். அதைப் பார்த்தபோது, அவள் அழுதிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

"எதுவா இருந்தாலும் முதல்ல எழுதியிருக்கிறதைத் திருத்தணும்மா. சட்டைக்குச் சொந்தக்காரர் வந்து ஒரு வார்த்தை சொல்லணும்," என்றார் சார்.

அன்று சாயங்காலம் மூன்றாவது மாடிக்கு நானும் கூடப் போனேன். எத்தனையோ தரம் துணி கொண்டுபோன வாசல்தான். அன்றைக்கு அக்கா கையில் ஒன்றும் இல்லாமல் நின்றாள். வக்கீல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். அக்கா தலையைக் குனியாமல் சொன்னாள். முழுவதையும் சொன்னாள். உள்ளே அவர் மனைவி வந்து நின்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனதும் தெரிந்தது.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே," என்றார் வக்கீல்.

"குடுத்திருப்பீங்களா சார்?"

குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியலம்மா," என்றார்.

மறுநாள் அவர் அலுவலகத்துக்கு வந்து, அன்று மாமா போட்டுக்கொண்டு போன க்ரீம் சட்டை தன்னுடையதுதான் என்று எழுதிக் கொடுத்தார். அதன்பிறகு அந்த வீட்டுத் துணி அக்காவிடம் வரவில்லை. வக்கீல் காரணமில்லை, அவர் மனைவிக்கு மனசு வரவில்லை. இரண்டாம் மாடியிலும் ஒரு வீடு நின்றது. ரேடியோவிடம் யார் சொன்னார்களோ, தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த ரேடியோதான் தன் முதலாளி வீட்டுத் துணி மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து அக்கா மேஜையில் போட்டாள். "எல்லாம் வேட்டியும் விரிப்பும்தான். எடுத்து உடுத்தினாலும் யாருக்கும் பொருந்தாது, பயப்படாம தேய்ங்க" என்றாள். அக்கா ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் லேசாகச் சிரித்தாள்.

சார் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு, தாளில் போட்டிருந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். பஸ்ஸில் அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். "அவரா இருக்காது. அவரு இவ்வளவு நாளு என்னைத் தேடாம இருந்திருப்பாரா?" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். என்னவென்று வேண்டுவது என்றுதான் தெரியவில்லை. அவராக இருந்தால் அவர் போய்விட்டார். அவராக இல்லாவிட்டால் அவள் இன்னும் அந்தப் பலகைக்கு முன்னால் நிற்க வேண்டும்.

அந்த வார்டில் பல வருஷமாக வேலை செய்கிற வார்டம்மா ஒருத்தி இருந்தாள். இடுப்பில் புடவையைச் செருகிக்கொண்டு, ஒரு கையில் வாளியோடு வந்தாள். தேதியையும் ஆள் அடையாளத்தையும் சொன்னோம்.

"கார்க்காரரா?" என்றாள்.

"காரெல்லாம் எங்களுக்கு இல்லம்மா," என்றாள் அக்கா. உடம்பில் ஒரு தெம்பு வந்த மாதிரி நிமிர்ந்தாள்.

"அது நாங்க வச்ச பேரு. பேரு சொல்லத் தெரியலியே அவருக்கு. அந்தச் சட்டையைப் பாத்தா பெரிய வீட்டு மனுஷன் மாதிரி இருந்துச்சு. இன்னைக்கோ நாளைக்கோ கார் வந்து நிக்கும், பிள்ளைங்க இறங்கி ஓடி வருவாங்கன்னு பேசிக்குவோம். டாக்டருங்ககூட ஐயா ஐயான்னுதான் கூப்பிடுவாங்க. கடைசிக் கட்டில், ஜன்னல் பக்கம். நல்லாத்தான் பாத்துக்கிட்டோம்மா. கடைசியில நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. ஒரு காலையில, தூக்கத்துலயே போயிட்டாரு."

"என்ன பேசுவாரு?"

"பேச்சு ரொம்ப இல்ல. சிரிப்பாரு. ஆளு யாரையும் தொந்தரவு பண்ணல. ஒரே ஒரு வேலைதான்." வார்டம்மா வாளியைக் கீழே வைத்தாள். காலியாக இருந்த ஒரு கட்டிலின் போர்வையை உதறி விரித்தாள். "காலையில எழுந்ததும் டம்ளர்ல விரலை விட்டு இப்படித் தண்ணி தெளிப்பாரு. படுக்கை நனையுதுன்னு டம்ளரை எடுத்து வச்சிட்டோம். அப்பவும் விடல. வெறுங்கையாலயே தெளிப்பாரு. அப்புறம் இப்படி."

இடது கையால் போர்வையின் ஓரத்தை இழுத்துப் பிடித்தாள். வலது கையை எதையோ பிடித்திருக்கிற மாதிரி முஷ்டியாக மடக்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அழுத்தித் தள்ளினாள்.

"தன்னோடதை முடிச்சுட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிடுவாரு. வார்டு முழுக்கப் பண்ணுவாரு. ஐயா, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை, உக்காருங்கன்னு நாங்கதான் கூட்டிட்டு வந்து உக்கார வைப்போம். எங்களுக்கு என்னம்மா தெரியும். பெரிய வீட்டு மனுஷன், புத்தி பிசகிப் போச்சுன்னு நெனச்சோம்."

அக்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வார்டம்மா தள்ளி முடித்து, போர்வையை இரண்டாக மடித்து, மறுபடியும் மடித்துக் காட்டினாள்.

"அவருதான்," என்றாள் அக்கா.

வார்டம்மா மடித்தது ஓரம் சேராமல் கோணலாக இருந்தது. அக்கா அதைக் கையில் வாங்கினாள். பிரித்து உதறி, நுனியோடு நுனி சேர்த்து மடித்து, மேல்பக்கத்தை உள்ளங்கையால் ஒரு தரம் நீவி, கட்டிலின் தலைமாட்டில் வைத்தாள். அதன் பிறகுதான் அழுதாள்.